நாலு ஊர், நாலு பள்ளி, 66 பிள்ளைகள்: ஊரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

3 மே 2025, கேள்வி (மானூர் ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகர்)

எங்கள் பக்கம் ரெண்டு மைல் சுற்றளவில் மூன்று தொடக்கப் பள்ளிகள். மூன்றிலும் சேர்த்து ஐம்பது பிள்ளைகள் தேறாது. ஊர்மக்களிடம் கருத்துக் கேட்டு ஐந்து வருஷத் திட்டம் போட வேண்டும் என்று நாலைந்து இளவட்டங்கள் கிளம்பியிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஊரைக் கூட்டினால் டீச்செலவும் பழைய பகையும்தான் மிஞ்சும். பேசாமல் மூன்றையும் ஒன்றாக்கி, ஒரு வேன் விட்டு, ஒரே நல்ல பள்ளியாக நடத்தச் சொல்லி மனு கொடுத்துவிடலாம் என்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

3 மே, இரவு

செய்து பார்த்தேன். கெட்டும் பார்த்தேன். இப்போது கரண்ட் இல்லை, நாளை எழுதுகிறேன்.

4 மே

திருநெல்வேலி மாவட்டத்தில் மூன்றடைப்புக்கும் நாங்குநேரிக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், படிக்கிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். நாலுவழிச் சாலைக்கு இந்தப் பக்கம் இரண்டு ஊர், அந்தப் பக்கம் இரண்டு ஊர். ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி. மூன்று ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஒன்று அரசு உதவி பெறுவது. எங்கள் பள்ளியில் 19 பேர், மற்றதில் 22, 14, உதவி பெறும் பள்ளியில் 11. ஆக 66. நான் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளியில் மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தோம், ஐந்தாம் வகுப்புக்கு வேப்பமரம்தான் கூரை.

நான் ஜெராக்ஸ் கடையும் இ-சேவையும் வைத்திருக்கிறவன். 2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. பெரிய டீச்சர் கடைக்கு வந்து, "நீங்கதான் சும்மா இருக்கீங்க, வந்து சேருங்க" என்றார். சேர்ந்தேன்.

சேர்ந்ததும் என்ன செய்தேன்? மானூர் அண்ணாச்சி இப்போது சொல்வதைத்தான். நாலு பள்ளியையும் ஒன்றாக்கும் திட்டம். பன்னிரண்டு பக்கம், கலர் பிரிண்ட், நடுவில் வட்டமாக வெட்டிய வரைபடம் ஒன்று. கடை என்னுடையது என்பதால் தாளுக்கும் மைக்கும் பஞ்சமில்லை. 66 பிள்ளைகள், எட்டு ஆசிரியர்கள், வகுப்புக்கு ஒரு ஆசிரியர் போக மூன்று பேர் மிச்சம், ஒருவர் ஆங்கிலத்துக்கு, ஒருவர் விளையாட்டுக்கு, ஒருவர் கம்ப்யூட்டருக்கு. கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு "மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்" என்று போர்டு எழுதி வைத்தேன். வந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர் சத்துணவு ஆட்கள், அவர்கள் எப்படியும் அங்கேதான் இருப்பார்கள். நான் முதல் பக்கத்தைத் திருப்புவதற்குள் ஒரு சித்தி எழுந்து, "எய்யா, எங்க கையெழுத்து போடணும்னு சொல்லு. பீடிக் கடை அடைச்சிருவான்" என்றாள்.

கூட்டம் என்றால் கையெழுத்துக்குத்தான் என்று அவளுக்கு யாரோ பல வருஷமாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நானும் அன்றைக்கு நோட்டை நீட்டத்தான் செய்தேன்.

5 மே

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கீழே பதிலில், இணைத்தால் எட்டு ஆசிரியர் கிடைக்காது என்று என் கணக்கைப் பிடித்துவிட்டார். சரிதான். நான் எட்டு ஆசிரியர் என்று எழுதியது, நாலு பள்ளியிலும் இப்போது பள்ளிக்கு இரண்டு பேர் இருப்பதால். ஒன்றாக்கினால் எட்டும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வேறு மாதிரி. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. அப்படியானால் 66 பிள்ளைகளுக்கு மூன்றே பேர். மீதி ஐந்து பேர் உபரி, பணிநிரவலில், அதாவது ஆள் பற்றாத பள்ளிக்கு மாற்றுவதில், எங்கோ போய்விடுவார்கள். பன்னிரண்டு பக்கத் திட்டத்தில் இந்த வரி இல்லை.

6 மே

இன்னும் ஒரு திருத்தம், இது எனக்கு நானே. உதவி பெறும் பள்ளிக்கு நிர்வாகம் தனி. அதை ஊராட்சி ஒன்றியப் பள்ளியோடு நானும் நீங்களும் நினைத்தபடி சேர்த்துவிட முடியாது. அந்த 11 பேரைக் கழித்தால் 55. அறுபதுக்குள் வந்துவிட்டது. ஆக மூன்று பள்ளியில் ஆறு ஆசிரியர், ஒன்றாக்கினால் 55 பிள்ளைகளுக்கு, ஐந்து வகுப்புக்கு, இரண்டு ஆசிரியர். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஒருவர்.

பள்ளி மானியமும் அப்படித்தான். 30 பிள்ளைகள் வரை வருஷத்துக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000. மூன்று பள்ளிக்கு 30,000 வருகிறது, ஒன்றாக்கினால் 25,000. நான் கடையில் கணக்குப் போடும்போது மனைவி பக்கத்தில் இருந்தாள். "நல்ல திட்டந்தான், நம்ம பள்ளிக்கூடத்த ஏலம் போட்டிருப்பிய" என்றாள்.

9 மே

டல்லாஸிலிருந்து எழுதிய தம்பிக்கு. ஆமாம், அங்கே பள்ளி மாவட்டம் என்று தனியாக இருக்கிறது, போர்டுக்குத் தேர்தல் நடக்கிறது, வீட்டு வரியில் பள்ளிக்குப் பங்கு போகிறது. அதனால் ஊர் பேசினால் எடுபடும் என்கிறீர்கள். ஆனால் இணைப்பில் உங்கள் நாடு நமக்கு அண்ணன். 1939-40இல் அங்கே 1,17,000க்கும் மேல் பள்ளி மாவட்டங்கள் இருந்தன, இப்போது 13,000 அளவுதான். போர்டும் தேர்தலும் இருந்தே அத்தனை காணாமல் போயிருக்கின்றன.

நம் பக்கம் ஊருக்குக் கையில் பை இல்லை. பெயர்ப் பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்று இருக்கும், ஆனால் அந்த ஆசிரியர்கள் 1981 முதல் அரசு ஊழியர்கள். சம்பளம், மாறுதல், கட்டடம் எதுவும் ஒன்றியத்தின் கையிலும் இல்லை, ஊரின் கையிலும் இல்லை. ஊரிடம் இருப்பது ஒன்றுதான், பிள்ளையை அனுப்புவது அல்லது அனுப்பாமல் இருப்பது. அதை ஊர் பத்துப் பதினைந்து வருஷமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து நிற்கும்போது தினமும் ஓட்டெடுப்பு நடக்கிறது. யாரும் வந்து காரணம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

10 மே

"அப்படியானால் சட்டத்தில் ஊருக்கு இடமே இல்லையா" என்று ஒருவர். இருக்கிறது. மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது குழுவின் வேலை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2022இல் இங்கே 20 பேர் குழு என்று வந்தது, அதில் 15 பேர் பெற்றோர். எங்கள் பள்ளியில் அக்காள் தம்பி எல்லாம் சேர்த்து 13 வீட்டுப் பிள்ளைகள். குழுவுக்குப் பெற்றோர் பற்றாமல் புருஷன் பெண்டாட்டி இருவரையும் போட்டோம். வேறு எங்கேயும் நூற்றுக்கு நூறு மக்கள் பங்கேற்பு இப்படி வாய்க்காது.

14 மே

இனி உருப்படியாக நடந்ததை எழுதுகிறேன்.

அந்த ஆறு பேர் கூட்டத்துக்குப் பிறகு இரண்டு மாதம் நான் பள்ளிப் பக்கமே போகவில்லை. ரோஷம். பிப்ரவரியில் எங்கள் குளத்தில் நூறு நாள் வேலை நடந்தது. ஒரு அம்மாவின் ஆதார் திருத்தத்துக்குக் கைரேகை விஷயமாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது, குளத்துக்கரைக்கே போனேன். காலை வருகைப்பதிவு போட்டோ எடுத்து முடித்து, வேம்புக்கடியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். முப்பது பேருக்கு மேல். நாலு ஊர்ப் பெண்களில் மூன்று ஊர்க்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். நான் போர்டு எழுதி வைத்துக் காத்திருந்த கூட்டம் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறது.

திட்டத்தை எடுத்துப் போகவில்லை, நல்லவேளை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வேனுக்கு மாசம் எவ்வளவு கொடுக்கிறீர்கள், ஏன்?

இங்கிலீஷ் என்பார்கள் என்று நினைத்தேன். ஓரிருவர் சொன்னார்கள். ஆனால் முதலில் வந்த பதில் நேரம். வேன் எட்டு மணிக்குக் கொண்டுபோய் ஐந்தரைக்குக் கொண்டுவந்து விடுகிறது. நம் பள்ளி நாலு மணிக்கு விட்டுவிடும். வேலை முடிந்து, விறகு பொறுக்கி, பீடிக் கட்டைக் கொடுத்துவிட்டு வர ஆறு ஆகும். "நாலு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் பிள்ளை எங்க நிக்கும்? ரோட்டுலயா? லாரி போற ரோட்டுலயா?" அந்த அம்மா தன் பிள்ளைக்காக மாதம் 900 ரூபாய் வேனுக்குக் கொடுக்கிறாள். படிப்புக்குக் கட்டணம் தனி. அவள் விலை கொடுத்து வாங்குவது அந்த இரண்டு மணி நேரத்தை. என் பன்னிரண்டு பக்கத்தில் நேரம் என்ற வார்த்தையே வரவில்லை.

இரண்டாவது, மூன்றரை வயது. தனியார் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு எடுத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது. இடையில் பால்வாடி. பால்வாடி டீச்சரைப் பற்றிக் குறை சொல்லவில்லை, ஒரு ஆளே சமையல், பதிவேடு, எடை பார்ப்பது எல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் யூனிஃபார்ம் போட்டு வேனில் ஏறிப் பழகிய பிள்ளை ஐந்து வயதில் இறங்கி நம் பள்ளிக்கு வராது. அரசு 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. தொடங்கியது. எங்கள் நாலும் தொடக்கப் பள்ளிகள், நடுநிலை இல்லை. அதோடு சரி.

மூன்றாவது கழிவறை. அதைப் பற்றி என்ன எழுத, எல்லா ஊரும் ஒரே கதை. தண்ணீர் இருந்தால் கதவு இருக்காது.

காலை உணவை மட்டும் எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்தார்கள். வேனில் பிள்ளையை அனுப்புகிற ஒரு அம்மா, "பொங்கல் போடுத அன்னைக்கு எம்பிள்ள அழுவான்" என்றாள்.

15 மே

நேற்று எழுதியதில் ஒரு பிசகு. காலை உணவு உதவி பெறும் பள்ளியில் கிடையாது என்று ஒரு பதிலில் சொல்லியிருந்தேன். தவறு. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 முதல் வந்துவிட்டது. அந்தப் பள்ளியின் சமையல் அக்காவே போனில் திட்டினார்.

21 மே

நேற்று செவ்வாய், எங்கள் அம்மன் கோயில் திருவிழா, கொடை. இரண்டு நாள் தூக்கமில்லை, வில்லுப்பாட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் இதை எழுதாமல் தூங்க முடியாது.

கொடை என்றால் சென்னையில் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிகள் எல்லாம் வந்துவிடுவார்கள். ஊரில் 140 தலைக்கட்டு (வரி கட்டும் குடும்பம்) என்றால் பாதி வாசல் வருஷம் முழுதும் பூட்டிக் கிடக்கும். வரி மட்டும் தவறாது. ஒரு தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போட்டால் வெளியூரிலிருந்து முதல் ஆளாக வந்து சேரும். இந்த ஒழுங்கைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கும் ஏதாவது கேட்போம் என்று கொடை முடிந்த காலையில், கணக்கு வாசிக்கும்போது, எழுந்து நின்றேன். நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், மாதம் 3,000 ரூபாய், பத்து மாதம். ஆக 30,000.

உடனே இரண்டு பேர் கை தூக்கினார்கள். சந்தோஷப்பட்டேன். ஒருவர் பள்ளிக்கு நுழைவாயில் வளைவு கட்டித் தருகிறேன், தாத்தா பெயரில், மூன்று லட்சம் ஆனாலும் பரவாயில்லை என்றார். இன்னொருவர் அந்த வளைவுக்கு எதிரே காமராசர் சிலை.

பிள்ளைகள் 19. வளைவு, சிலை.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, வளைவு அண்ணாச்சிக்குக் கோபம். அப்புறம் யோசித்தால் அவர் மேல் குற்றமில்லை. பள்ளிக்குக் கொடுப்பது என்றால் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகக் கொடுப்பது என்று எங்கள் ஊருக்கு மூன்று தலைமுறைப் பழக்கம். 1950களின் கடைசியில் காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோது ஊர் ஊராகப் பெஞ்சு, மணி, கடிகாரம், நிலம் என்று கொடுத்தார்கள். கல்வித் துறையில் நெ.து.சுந்தரவடிவேலு அதை முன்னின்று நடத்தினார். மதிய உணவு 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியது, அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. அதுவும் ஊர்க்காரர்கள் அரிசி, பருப்பு கொண்டுவந்ததில் ஆரம்பித்ததுதான். எங்கள் தாத்தா கொடுத்த பெஞ்சு இன்னும் பள்ளியில் ஆடிக்கொண்டு நிற்கிறது. ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் அதில் யார் பெயரை எழுதுவது?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கோயில் வாசலில் கணக்குக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். குளத்துக்கரையில் எனக்குப் பதில் சொன்னவர்கள் எல்லாம் பெண்கள். இரண்டு கூட்டத்தையும் நான் "ஊர்" என்றுதான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன்.

22 மே

வளைவு அண்ணாச்சி ஊருக்குப் புறப்படும் முன் கடைக்கு வந்தார். "வே, சிரிச்சீரே, அந்த ஆயா சம்பளம் எவ்வளவுன்னு சொன்னீரு?" பத்து மாதத்துக்கும் கொடுத்துவிட்டுப் போனார். வளைவு அடுத்த வருஷம் கட்டாயம் உண்டாம்.

3 ஜூன்

நேற்று பள்ளி திறந்தது. 19 இப்போது 18. மூன்று பேர் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள், இரண்டு பேர் புதிதாக. பெரிய டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் செய்ய வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். அங்கன்வாடிப் பதிவேட்டை வைத்து நாலு ஊரிலும் ஐந்து வயதுக்குள் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணினோம். 71. ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் வேனில் போகிறவர்கள் 27 பேர், நம் நாலு பள்ளியிலும் 60 சொச்சம். ஆக இப்போது 90க்குப் பக்கம். ஐந்து வருஷம் கழித்து எல்லாரையும் வேனிலிருந்து இறக்கி நம் பள்ளியில் உட்கார வைத்தாலும் 71தான். வேனைத் திட்டிப் பாதிப் பிரயோசனம்தான் உண்டு, மீதி தொட்டிலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்று 2019-21 குடும்ப நல ஆய்வு சொல்கிறது. எங்கள் ஆச்சிக்கு ஒன்பது.

ஐந்து வருஷத் திட்டம் போடப் போகிற மானூர் இளவட்டங்களுக்கு: கூட்டம் போடுவதற்கு முன் தொட்டிலை எண்ணுங்கள். அரை நாள் வேலை. நான் இதை ஒன்பது மாதம் கழித்துச் செய்தேன்.

22 ஜூன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

என் இணைப்புத் திட்டத்தில் பள்ளி இருக்க வேண்டிய இடமாக நான் குறித்தது சாலைக்கு அந்தப் பக்கம், 22 பேர் படிக்கும் ஊர். இடம் பெரிது, சுற்றுச்சுவர் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி, ஆக விதிப்படியும் சரி. நடுவே நாலுவழிச் சாலை, பாலத்துக்கு அடியில் நடந்தால் போகலாம்.

பிறகு ஒரு நாள் குளத்துக்கரையில் இதைச் சொன்னபோது ஒரு பக்கத்திலிருந்து சத்தம் நின்றுவிட்டது. தெற்குத் தெருப் பெண்கள். ஒருத்தி மட்டும் மெதுவாக, "அந்த ஊர் வழியாவா சார்?" என்றாள். அவ்வளவு நேரம் "எய்யா" என்றவள் "சார்" என்றாள். நான் அந்த ஊர் வழியாக தினமும் பைக்கில் போகிறேன், எனக்கு அது ஒரு வழி. அவர்கள் வீட்டு ஆட்கள் அந்தத் தெருவில் எங்கே சைக்கிளை விட்டு இறங்கினார்கள், எந்தக் கடையில் எப்படி டீ வாங்கினார்கள் என்று அவர்களுக்கு வேறு வரைபடம் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு பையனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. கயிறு ஆறாம் வகுப்புக்கு மேல்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் கையில் இருந்தது.

மறுபக்கமும் சும்மா இல்லை. "அவங்க பிள்ளைகளும் அங்க வருமா?" என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். மெதுவாக எல்லாம் இல்லை, சத்தமாக.

ஒருவர் இங்கே எழுதியிருந்தார், ஒரே பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தால் சாதி தானாகக் கரையும் என்று. நானும் அப்படி ஆசைப்படுகிறவன்தான். ஆனால் பயந்துகொண்டு நடக்கிறவள் ஆறு வயதுப் பிள்ளை. பெரியவர்களின் சோதனையை அவள் காலில் வைத்து நடத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதற்காகப் பிரித்தே வைப்போம் என்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் யாராவது நாலு பேர் முதலில் பாலத்தடிக்கு வந்து நின்று கூட்டிப் போகட்டும், அப்புறம் பேசலாம்.

25 ஜூன்

மேலே உள்ளதற்கு வந்த பதில்களில் பாதியைப் படித்துவிட்டு போனை அணைத்துவிட்டேன். அடுத்த விஷயம்.

16 ஆகஸ்ட்

நேற்று கிராம சபை. எங்கள் குழுத் தீர்மானத்தை வாசிக்க வைத்தோம். மூன்று வரிதான்: அங்கன்வாடியில் எல்.கே.ஜி., பாலத்தடியில் விளக்கு, பள்ளிக் கழிவறைக்குத் தண்ணீர்க் குழாய். முதல் தடவை பன்னிரண்டு பக்கம், இந்தத் தடவை மூன்று வரி. குளத்துக்கரைப் பெண்கள் பதினெட்டுப் பேர் வந்து உட்கார்ந்திருந்ததால் வாசித்தார்கள், இல்லாவிட்டால் "மனுவாகக் கொடுத்துவிடுங்கள்" என்றிருப்பார்கள். குழாய் பத்து நாளில் வரும் என்றார்கள். விளக்கு வேறு துறை. எல்.கே.ஜி. இன்னொரு துறை.

கையெழுத்துச் சித்தியும் வந்திருந்தாள். தீர்மான நோட்டு வந்தபோது, "இதுல நம்ம குழாய் இருக்கா, வாசி" என்று பக்கத்திலிருந்த பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

12 செப்டம்பர்

மாலை நேரக் காவல் எப்படிப் போகிறது என்று கேட்டவர்களுக்கு. ஜூலையிலிருந்து நடக்கிறது. மகளிர் குழுவிலிருந்து ஒரு அக்கா, நாலு முதல் ஆறு வரை. வேனிலிருந்து இரண்டு பிள்ளைகள் இறங்கி வந்திருக்கிறார்கள். ஆக 20. ஒரு பையன் திருப்பூருக்குக் குடிபோய்விட்டான், ஆக 19. போன வருஷ எண்ணிக்கைக்கே வந்து நிற்கிறோம்.

நடுவில் ஒரு வேடிக்கை. ஆறு மணி வரை பள்ளியில் இடமும் விளக்கும் இருக்கிறதே என்று நாலு பெண்கள் சுளகோடு (முறத்தோடு) வந்து வராண்டாவில் உட்கார்ந்து பீடி சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளையையும் பார்த்த மாதிரி, கட்டும் ஏறின மாதிரி. பெரிய டீச்சர் அலறிவிட்டார். பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை கூடாது என்று சட்டம். "விக்கக் கூடாதுன்னுதான டீச்சர் போட்டிருக்கு, சுத்தக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்றாள் ஒருத்தி. டீச்சருக்குப் பதில் தெரியவில்லை, எனக்கு போன் செய்தார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் தூள் பிள்ளைகள் மூக்கில் போகும் என்று சொன்னதும் அவர்களே எழுந்துவிட்டார்கள். இப்போது எதிர்த்த வீட்டுத் திண்ணையில்.

மக்கள் பள்ளியை உரிமையோடு பயன்படுத்த வேண்டும் என்று என் பழைய திட்டத்தில் எட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். சுளகு நினைவில் வரவில்லை.

28 செப்டம்பர்

மானூர் அண்ணாச்சி மறுபடி கேட்கிறார்: கடைசியில் இணைக்க வேண்டுமா, வேண்டாமா? ஆமா இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்கிறார்.

எங்கள் ஊருக்கு வேண்டாம். உங்கள் ஊருக்கு எனக்குத் தெரியாது. உங்களுக்கு நடுவில் நாலுவழிச் சாலை இல்லாமல் இருக்கலாம், மூன்று பள்ளியும் ஒரே தெருக்காரர்களுடையதாக இருக்கலாம், ஐம்பது பிள்ளை அறுபத்தொன்றாகும் வாய்ப்பு இருக்கலாம். ஐந்து பேர் உள்ள பள்ளியில் ஒரு பிள்ளைக்கு விளையாட ஆள் கிடையாது, அதுவும் ஒரு துக்கம்தான். அந்தத் துக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்காக ஒன்று செய்கிறோம். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் சேர்ந்து விளையாட்டு, நூலகம். ஆறு ஆசிரியரும் இருப்பார்கள், பதவியும் போகாது. ஷேர் ஆட்டோ, கொடையில் மிஞ்சிய பணம். முதல் வாரம் சாலைக்கு அந்தப் பக்கத்து ஊர். தெற்குத் தெருவிலிருந்து யாரும் அனுப்பவில்லை. அடுத்த வாரம் இடத்தை மாற்றி எங்கள் ஊரில் வைத்தோம், நாலு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் அந்த ஊர் டீச்சர் ஒருவர் தானே பாலத்தடிக்கு வந்து நின்றார், ஆறு பேர் போனார்கள். நாலாம் வாரம் டீச்சருக்குப் பயிற்சி. மறுபடி பூஜ்யம்.

8 நவம்பர்

மழை. குளத்தில் பாதி. குழாய் வந்தது, பத்து நாள் அல்ல, ஏழு வாரம். கழிவறைக் கதவை யாரோ கழற்றிப் போய்விட்டார்கள், நான் முன்பே எழுதினேனே, அதே கதை.

நேற்று வெள்ளி. பாலத்தடியில் முழங்கால் தண்ணீர், ஆட்டோக்காரர் வர மாட்டேன் என்றுவிட்டார். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு மூன்று மணி வரை வாசலில் நின்றார்கள். தெற்குத் தெருப் பிள்ளைகள் ஏழு பேரும் நின்றார்கள். அடுத்த வாரம் தண்ணீர் வடிந்தால் போகலாம் என்று சொல்லி உள்ளே அனுப்பினோம்.